தவிட்டு மாடியும் சிங்கப்பூர்த் தூண்டிலும்

மேலச்சேங்குடி கண்ணுசாமி மீது வாரண்ட் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் செங்கொடிச் சங்கம் அறுவடையை நிறுத்தியிருந்த வருஷம் அது. பண்ணையார் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார். வயலில் கைகலப்பு நடந்து ஒருவருக்கு மண்டை உடைந்தது. மகளுக்கு அம்மை கண்டிருந்ததால் கண்ணுசாமி அன்று வீட்டை விட்டே கிளம்பவில்லை. ஆனால் சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த முகம் அவருடையது. வழக்கில் முதல் பெயராக அவர் பெயரை எழுதிவிட்டார்கள்.

நன்னிலம் போகும் சாலையில் மீரா சாகிப்பின் அரிசி மில் இருந்தது. வயலில் வேலை இல்லாத மாதங்களில் கண்ணுசாமி அங்கே மூட்டை தூக்குவார். அந்தப் பழக்கத்தில்தான் பின்வாசல் வழியாகப் போய் நின்றார். மீரா சாகிப் ஆளுங்கட்சிக்காரர். மில் வாசலில் கட்சிக் கொடி பறந்தது.

"இந்த வாசல்ல போலீஸ் யோசிச்சுத்தான் கால் வைப்பான். ஆட்சி நம்மளதுதான், ஆனா ஸ்டேஷன்ல இன்னும் பண்ணையார் பேச்சுதான் எடுபடுது. சத்தம் அடங்குற வரைக்கும் மேல இரு" என்றார்.

மேலே என்றால் தவிட்டு மூட்டை அடுக்கும் அறை. ஒரே ஒரு ஜன்னல். அதற்கு நேர்கீழே குளம். தவிட்டுத் தூசி தொண்டையை அரித்துக்கொண்டே இருக்கும். மில் ஓடும்போதுதான் இருமலாம். மெஷினை நிறுத்திவிட்டால் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கிடக்க வேண்டும். மீரா சாகிப்பின் மனைவி லத்தீஃபா சோற்றுத் தூக்கைத் தவிட்டுக் கூடைக்குள் மறைத்து எடுத்து வருவார். மாதக்கணக்காகக் கண்ணுசாமிக்கு அந்த ஜன்னலும் குளமும்தான் உலகம். சாயங்காலமானால் மீரா சாகிப் படித்துறையில் உட்கார்ந்து, தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த தூண்டிலைப் போடுவார். அதை ஜன்னலோரம் நின்று பார்ப்பது ஒன்றுதான் கண்ணுசாமிக்குப் பொழுதுபோக்கு.

ஒருநாள் அந்தத் தூண்டில் கம்பின் நுனி மில் கதவிடுக்கில் மாட்டி முறிந்துவிட்டது. நரம்பு ஓடும் கடைசி வளையமும் அதோடு நசுங்கிப்போனது. மீரா சாகிப் கம்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"இதுக்கு சாமான் நம்ம பக்கம் கிடைக்காது கண்ணுசாமி. உன்னால ஏதாச்சும் பண்ண முடியுமா பாரு."

"குடுத்துட்டுப் போங்க மொதலாளி" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கைக்கு ஒரு வேலை கிடைத்ததே அவருக்குப் பெரிதாக இருந்தது.

சிலும்பியிருந்த முனையை அறுத்து, கல்லில் தேய்த்து வழவழப்பாக்கினார். லத்தீஃபாவிடம் ஒரு ஊக்கு கேட்டார். அதன் கொண்டையைக் குறடால் நறுக்கிவிட்டால், சுருண்ட அடிப்பாகம் வளையமாகிவிடும். இரண்டு காலையும் கம்போடு சேர்த்துக் கட்டிவிடலாம். பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் அரக்கை உருக்கி ஊற்றினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நரம்பை மூட்டையில் கட்டி இழுத்ததும், கம்பு வளைந்த வளைவில் அரக்கு பொரிந்து உதிர்ந்தது. நூலைப் பிரித்து மறுபடி சுற்றினார். இம்முறை கதவுக்கு அடித்தது போக மிஞ்சிய வார்னிஷைக் கேட்டு வாங்கி, கோழி இறகால் தொட்டுத் தடவினார். காய்ந்ததும் இன்னொரு பூச்சு, அதுவும் காய்ந்த பின் இன்னொன்று. வெயில் ஜன்னலில் நகர நகரக் கம்பையும் நகர்த்தி வைத்தார். மறுபடி இழுத்துப் பார்த்தபோது நுனி வில்லாக வளைந்து நிமிர்ந்தது. கட்டு அசையவில்லை.

அதோடு கம்பைக் கீழே அனுப்பியிருக்கலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. மில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மிஞ்சிய சோற்றில் தவிட்டைப் பிசைந்து முள்ளில் வைத்து, ஜன்னல் வழியாகக் கம்பை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒரு கெண்டை மாட்டியது. அது துள்ளித் துள்ளிச் சுவரோரம் மேலே வந்தபோது எதிர்க்கரையில் ஒருவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். பண்ணைக் கணக்குப்பிள்ளை பஞ்சநதம்.

மறுநாள் பஞ்சநதம் மில்லுக்கு வந்தார்.

"என்ன சாகிப், மாடியிலேருந்து மீன் பிடிக்கிறீங்க போல?"

"படித்துறை வழுக்குது. இந்த வயசுல விழுந்தா எழுந்திரிக்க முடியுமா?" என்றார் மீரா சாகிப். பஞ்சநதம் சிரித்துவிட்டுப் போனார்.

சொன்னதை நிஜமாக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து தினமும் மீரா சாகிப் மாடி ஏறி வந்து ஜன்னலில் உட்கார்ந்தார். பஞ்சநதமும் தவறாமல் எதிர்க்கரையில் வந்து உட்கார்ந்தார். கண்ணுசாமி மூட்டைகளின் சந்தில், சாகிப்பின் காலடியில் மல்லாந்து கிடந்தார். தனியாக இருக்கும்போதும் ஜன்னல் பக்கம் போகக் கூடாது என்றாகிவிட்டது. இருந்த ஒரு குளமும் போயிற்று.

தவிடு வாங்குகிற சாக்கில் கண்ணுசாமியின் மனைவி பொன்னுத்தாய் வந்தபோது, லத்தீஃபா அவரை மாடிக்கு அனுப்பிவைத்தார்.

"புள்ளைக்கு அம்மை எறங்கி வடு கூட ஆறிடுச்சு" என்றார் பொன்னுத்தாய். "ஏன்யா இப்படி வெளுத்துப்போயிட்ட?"

"நான் கோர்ட்டுல ஆஜராயிடுறேன்."

"செயில்லயும் பூட்டித்தானே வைப்பாங்க?"

"அங்க இருமலாம்ல."

பொன்னுத்தாய் முந்தானையால் அவர் தலையில் படிந்திருந்த தவிட்டைத் துடைத்துவிட்டார்.

மீரா சாகிப் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். கண்ணுசாமி கேட்கவில்லை. சங்கத்து வக்கீல் மூலமாக ஆஜராகி, கொஞ்ச காலம் சிறையில் இருந்து, ஜாமீனில் வந்தார். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. வயல் வேலைக்கு விடியலிலேயே ஆள் எடுத்துவிடுவார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு இவர் வந்து சேர்வதற்குள் வரப்பில் வெயில் ஏறியிருக்கும். பாதி நாள் கூலிதான் கிடைக்கும்.

சில வருஷம் கழித்து, சாட்சி சொன்னவர்கள் ஆளுக்கொன்றாய்ப் பேசியதால் வழக்கு தள்ளுபடியானது. அதற்குள் கூலிக்குச் சட்டம் வந்து, நெல்லும் கொஞ்சம் கூடியிருந்தது. தீர்ப்பு வந்த அன்று பொன்னுத்தாயை பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டு, கண்ணுசாமி இரண்டு ஊருக்கு முன்னாலேயே இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தார். நின்று நின்று, வேண்டிய பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டு நடந்தார். ஊர் எல்லையில் பண்ணை நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மடையருகே பஞ்சநதம் குடையோடு நின்றிருந்தார்.

"கேஸ் முடிஞ்சிருச்சாமே கண்ணுசாமி. நாளைக்கு நாத்துப் பறிக்க ஆள் வேணும். வர்றியா?"

அந்தச் சுற்றுவட்டாரத்தில் பண்ணையை விட்டால் அப்போது வேறு யாரும் நடவு தொடங்கியிருக்கவில்லை.

"வர்றேங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.