மாமா கீறிய வகுப்பு

மாமாவுக்கு ஆட்களைப் பார்க்கத் தெரியும் என்று அம்மா சொல்லும்போது அது பாராட்டா முறைப்பாடா என்று எனக்குப் பிடிபட்டதில்லை. அவர் அம்மாவின் கடைசித் தம்பி. யாழ்ப்பாணத்தில் படிக்கிற காலத்தில் கணக்கு வாத்தியாரைக் கரும்பலகையில் கீறிவிட்டு, அவர் வகுப்புக்குள் வந்தபோது அழிக்க மறந்து அடி வாங்கியவர். அடித்த வாத்தியார் அன்று முழுக்க அந்தப் படத்தை அழிக்க விடவில்லையாம்.

சுவிஸில் மாமா எங்கடின் என்கிற மலைப்பக்கத்து ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவினார். பனிச்சறுக்கு முடிந்ததும் ஹோட்டலைப் பூட்டிவிடுவார்கள். கோடைக்கு மறுபடி திறக்கும்வரை அவர் பீல் நகரில் எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்து எழும்புவார். அக்கா ஒன்பதாம் வகுப்பை முடித்துப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறிய வருடமும் அப்படித்தான் வந்திருந்தார். எனக்கு அப்போது எட்டு வயது.

அக்காவின் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசி நாள் மாலை பெற்றோரை மண்டபத்துக்கு அழைத்து, வெளியேறும் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பகிடியாகப் படம் கீறி, ஒரு பாட்டும் கட்டி, எல்லோருக்கும் முன்னால் தூக்கிப் பிடித்து வாசிப்பார்கள். அந்த வகுப்பில் பாட்டுக் கட்ட ஆள் இருந்தது. கீறத்தான் ஆள் இல்லை. என் மாமா கீறுவார் என்று அக்கா சொல்லிவிட்டு வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் இருந்து பெரிய தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்து, வகுப்புப் படத்தை மாமாவின் மடியில் வைத்தாள்.

மாமா படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "முகம் மட்டும் காணாது. குணத்தைச் சொல்லு" என்றார்.

அக்கா சொல்லச் சொல்ல வரவேற்பறைத் தரை படங்களால் நிறைந்தது. தாள்கள் சுருளாமல் இருக்க நான்கு மூலையிலும் பால்மா டின்களை வைத்தோம். அம்மா அவற்றுக்கிடையில் காலை வைத்து நடந்தாள். பாடநேரத்தில் தூங்குகிறவன் புத்தகப் பைக்குள் குளிர்கால உறக்கத்தில் கிடந்தான். கடிகாரக் கடைக்காரரின் மகன் இரண்டு கையிலும் முழங்கைவரை மணிக்கூடு கட்டிக்கொண்டு பிந்தி ஓடிவந்தான். மலையடிவாரத்துப் பண்ணைக்காரப் பையனின் வாங்கிலே அவனுடைய பசு உட்கார்ந்து கை உயர்த்தியது. அவன் பின்னால் நின்று புல் தின்றான். பீலில் பாதிச் சனம் ஜேர்மனும் பாதிச் சனம் பிரெஞ்சும் பேசும். ஜேர்மனில் கேட்டால் பிரெஞ்சிலும் பிரெஞ்சில் கேட்டால் ஜேர்மனிலும் பதில் சொல்லித் தப்புகிற ஒருத்தன் இருந்தான். அவனுக்கு மாமா இரண்டு நாக்கு வைத்தார். வாய்விட்டுச் சிரிப்பதற்கு அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் அதிகம் இருக்கவில்லை. ஆனால் அந்த நாக்குகளைப் பார்த்து அப்பாகூடச் சிரித்தார்.

அக்காவின் முறை வந்தபோதுதான் பிரச்சினை வந்தது.

"மற்றப் பிள்ளையளை என்னவும் செய்யும். இவளைக் கீறாதையும்" என்றார் அப்பா, சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி. "பொம்பிளைப் பிள்ளையைச் சபையிலை தூக்கிப் பிடிச்சுச் சிரிக்கிறதோ?"

"எல்லாரையும் பாத்துத்தானே சிரிக்கப் போயினம்" என்றாள் அக்கா. "என்னை மட்டும் விட்டால், நான் அந்த வகுப்பிலை இருக்கேல்லை எண்டுதான் அர்த்தம்."

அப்பா ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். அரசாங்கக் கச்சேரிக்கு மனு எழுதுவிக்க ஊர்ச்சனம் அவரைத்தான் தேடி வருமாம். இங்கே மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் உலோகத் துண்டுகளைக் கழுவினார். அவர் வாய்க்குள் எதையோ மென்று முடித்துவிட்டு, "கீறுறதெண்டால் மரியாதையாக் கீறும்" என்று எழுந்து போனார்.

மாமா கோப்பை கழுவும்போது அக்கா பக்கத்தில் போய் நின்றாள். "வடிவாக் கீறிப் போடாதையுங்கோ மாமா. உண்மையாக் கீறுங்கோ."

அடுத்த நாள் அப்பா பின்னேர வேலைக்குப் போன பிறகு மாமா வெறும் தாளின் முன் குந்தியிருந்தார். "அக்காவிலை என்ன பகிடி இருக்கு, சொல்லு பாப்பம்" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்டுமில்லை. அவ சிரிக்கவே மாட்டா."

"வேறை?"

நான் யோசித்தேன். "விசாக் கந்தோருக்குப் போகேக்கை அவதான் முன்னுக்குப் போவா. அப்பா பின்னாலை போவார். டொக்டரிட்டையும் அப்பிடித்தான். அப்பாவுக்கு வயித்துக்குத்து எண்டாலும் டொக்டர் அக்காவைப் பாத்துத்தான் கதைப்பார்."

மாமா தூரிகையைத் தண்ணீர் டின்னுக்குள் விட்டவர் வெகுநேரம் அதை வெளியே எடுக்கவில்லை. பிறகு என்னை வெளியில் போய் விளையாடச் சொன்னார். படத்தை யாருக்கும் காட்டவில்லை. சுருட்டி நூலால் கட்டி மற்றப் படங்களோடு அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஹோட்டல் திறக்கிறார்கள் என்று மலைக்கு ரயிலேறிவிட்டார்.

மண்டபத்தில் நாங்கள் நடுவரிசையில் இருந்தோம். அப்பா கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அம்மா கூறைக்கு அடுத்த நல்ல சேலை உடுத்தியிருந்தாள். அக்கா வகுப்போடு போய் இருக்காமல், என்ன நடக்கிறது என்று சொல்வதற்காக எங்களோடு இருந்தாள். ஒவ்வொரு படமும் தூக்கப்பட்டபோது மண்டபம் அதிர்ந்தது. பண்ணைக்காரப் பையனின் தகப்பன் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "கீறினது ஆர் எண்டு கேக்கினம்" என்று அக்கா சொன்னபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடைசியாக அக்காவின் படத்தை இரண்டு நாக்குக்காரன் தூக்கினான்.

தாள் முழுவதும் அக்கா நின்றாள். காதுக்கும் தோளுக்கும் இடையில் தொலைபேசி. கக்கத்தில் கந்தோர்க் கடித உறைகள் பிதுங்கின. மற்றக் கையால் அவள் ஒரு சின்ன மனிதரைக் கூட்டிக்கொண்டு போனாள். அவருக்கு முதுகில் பள்ளிக்கூடப் பை, கழுத்தில் கழுத்துப்பட்டி, மூக்கின் கீழ் அப்பாவின் மீசை. அவருடைய சட்டையைப் பிடித்தபடி அவரிலும் சின்ன ஒரு அம்மா. அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நான்.

அவன் பாட்டை வாசித்தான். சனம் சிரித்தது. சிரித்துக்கொண்டே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையில் கெடுதல் இருக்கவில்லை.

"என்னவாம்?" என்று அப்பா வழக்கம்போல் அக்காவைக் கேட்டார்.

"சும்மா பகிடி அப்பா."

"என்ன பகிடி?"

அக்கா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அறிய அவள் அப்பாவுக்கு மொழிபெயர்க்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. அப்பா என் பக்கம் குனிந்தார். "நீ சொல்லு."

அந்தப் பதவி எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. ஒரு சொல் விடாமல் சொன்னேன். "அக்காவுக்குப் பதினாறு வயசாம், ஆனா மூண்டு பிள்ளையளாம். மூத்த பிள்ளை நீங்களாம். அவ டொக்டரிட்டைப் போறாவாம், வருத்தம் இல்லையாம். கந்தோருக்குப் போறாவாம், சம்பளம் இல்லையாம். எங்கள் எல்லாருக்கும் நாளையிலையிருந்து லீவு, இவளுக்கு எப்ப லீவு எண்டு கேக்கினம்."

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை இன்னொரு தரம் பார்த்தார். அதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. "மீசையை நல்லாத்தான் கீறியிருக்கிறான்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா நிலத்தைப் பார்த்தாள். நான் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து வெளியே போனாள்.

பிறகு வகுப்பாசிரியர் வந்து அப்பாவுக்குக் கை கொடுத்தார். குடிப்பதற்கு வைனா பியரா என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அப்பா "யா" என்றார். ஆசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தார். குடிப்பழக்கமே இல்லாத அப்பா கைக்கொன்றாக அவற்றைப் பிடித்தபடி, கூட்டம் கலையும்வரை மேடையருகே சுவரில் சாய்த்திருந்த அந்தப் படத்தின் முன் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா தொலைபேசி எடுத்தார். அம்மா அவரை ஏசி முடிக்கும்வரை பொறுத்திருந்து அப்பா ரிசீவரை வாங்கினார். "நீர் பிழையாக் கீறேல்லை" என்றார். அந்தப் பக்கம் மாமா என்ன சொன்னாரோ தெரியாது. "இல்லைத் தம்பி, நீர் சாப்பிட்டீரோ?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

திங்கட்கிழமை எங்கள் விசாவைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் பொலிஸ் கந்தோருக்குப் போகவேண்டும். அக்கா விடிய எழும்பித் தலைவாரி, சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அப்பா ஏற்கெனவே படியில் இறங்கியிருந்தார்.

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்று அம்மா கூப்பிட்டாள்.

"அவளுக்கு லீவு" என்றார் அப்பா, திரும்பாமல்.

அக்கா அன்று காலை முழுவதும் சப்பாத்தைக் கழற்றவில்லை. அவளுடைய கூட்டாளிகள் ஏரிக்குக் குளிக்கப் போகக் கூப்பிட்டார்கள், போகவில்லை. யன்னலடியிலேயே இருந்தாள். அப்பா அக்காவோடு கோபம், அதுதான் விட்டுவிட்டுப் போனார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதை அவளிடம் சொன்னேன்.

அப்பா மத்தியானம் வியர்த்துப் போய் வந்தார். ஆனால் முகம் வெளித்துத் தெளிந்திருந்தது. சாப்பாட்டு மேசையில், கந்தோரில் இருந்த பெண் பேசியதை அவளுடைய குரலிலேயே அம்மாவுக்கு நடித்துக் காட்டினார். "எல்லாம் சரியாம். டொனர்ஸ்டாக் வந்து எடுக்கட்டாம்" என்றார். பிறகு எங்களுக்கு விளங்கவேண்டும் என்று, "நாளைக்கு, செவ்வாய்க்கிழமை" என்றார்.

டொனர்ஸ்டாக் என்றால் வியாழக்கிழமை. முதலாம் வகுப்பிலேயே எனக்கு அது தெரியும். சொல்வதற்காக வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே அக்கா என் காலில் ஓங்கி உதைத்தாள். நிமிர்ந்து பார்த்தால், "ஓமப்பா, செவ்வாய்க்கிழமை" என்று சொல்லிக்கொண்டு அவருடைய கோப்பையில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அப்பா தனியாகப் போனார். வெறுங்கையோடு வந்து, "கந்தோரிலை சரியான சனம்" என்றார். வியாழக்கிழமை மறுபடி போய் விசாவை எடுத்துக்கொண்டு வந்தார். அவரை ஒரு தரம் வீணாக அலையவைத்த அக்காவை நினைத்து எனக்கு நெடுநாள் ஆத்திரமாக இருந்தது. அப்படிப்பட்டவளுக்குப் போய் இவர்கள் பாட்டுக் கட்டினார்களே என்று நினைத்தேன்.