சாயம் பூசாத சேவல்

வெல்டர் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனாலும் கோழியின் ஓர் இறகைக் கையில் கொடுத்தால் அதன் மூன்று தலைமுறையைச் சொல்லிவிடுவார். படித்தவன் எவனுக்கும் வாய்க்காத கண் அது. வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவர் வளர்த்தது, அபூர்வமான கண்காட்சிக் கோழி இனம். முப்பது முட்டை வைத்தால் ஒன்பது பொரியும். அந்த ஒன்பதில் ஒன்று மேடையேறினால் பெரிய விஷயம். பதினோரு வருஷம் மாடாய் உழைத்து, மார்பில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாமல் தார் மாதிரி கருத்த சேவலை உருவாக்கினார். யாரிடமும் கேட்டுச் செய்ததல்ல, சொந்த மூளை.

அந்தச் சேவல் கோப்பை வாங்க வேண்டிய நாளில்தான் மச்சினன் வாயைத் திறந்தான். மனைவியின் தம்பி. தீவனக் கடைக்காரன், அதே இனத்தை அவனும் வளர்த்தான், சுமாராக. இவ்வளவு கருப்பு எங்கேயும் கிடையாது, மாமா சாயம் பூசியிருப்பார் என்று நடுவர் காதில் போட்டுவிட்டான். நூறு பேர் பார்க்க நடுவர் ஈரத் துணியால் சேவலின் மார்பைத் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. ஆனால் மிரண்டு துள்ளிய சேவல் வாலிறகை முறித்துக்கொண்டது. கோப்பை போயிற்று. அதைவிட, 'சாயக்காரர்' என்ற பட்டப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. கேட் செய்யச் சொல்லி வந்தவன்கூட, கருப்பு பெயிண்டுதான் உங்க கைவசம் இருக்குமே என்று சிரித்தான்.

வெல்டர் உள்ளுக்குள் கறுவிக்கொண்டே காத்திருந்தார்.

ஆறு மாதம் கழித்து மச்சினன் அக்காவைத் தூது விட்டான். அந்தச் சேவல் அவனுக்கு வேண்டுமாம். வெல்டர் சரியென்ற வேகத்தைப் பார்த்து மனைவிக்கே சந்தேகம் தட்டியது.

வந்தவன் கொட்டகையைச் சுற்றி வந்தான். கோடு கோடாக இறகு அடுக்கிய, பரிசு வாங்கிய இரண்டு பெட்டைகளையும் சேர்த்துக் கேட்டான். அதற்கும் தலையாட்டினார். மூலையில் கரிப்பிடித்த சட்டி மாதிரி, கோடெல்லாம் கலைந்த கிழட்டுப் பெட்டை ஒன்று நின்றது.

"இந்த அசிங்கத்தை எதுக்கு மாமா தீனி போட்டு வளர்க்கிறீங்க? குடுங்க, இன்னிக்குக் கறிக்காவது ஆகட்டும்."

வெல்டர் அந்தப் பெட்டையின் முதுகைத் தடவினார். ஒரு கணம்தான். பிறகு தானே அதன் காலைக் கட்டிக் கொடுத்தார்.

இரண்டு வருஷம் ஓடியது. மச்சினன் வீட்டில் பொரித்த சேவல் ஒவ்வொன்றும் மார்பில் துருப்பிடித்தது போல் பழுப்பேறி நின்றது. தீவனத்தை மாற்றினான், கூண்டை மாற்றினான், கால்நடை டாக்டரை மாற்றினான். துரு மட்டும் மாறவில்லை. வெல்டரின் புதுச் சேவலோ பழையதைத் தூக்கிச் சாப்பிடும் கருப்பு. கண்காட்சிக் கூடத்தில் அதன் கூண்டுக்கு முன்னால் மச்சினன் வந்து நின்று கையைப் பிசைந்தான். ரகசியத்தைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினான்.

"மொதல்ல மைக்கைப் பிடி. அன்னிக்கு நீ சொன்னது பொய்னு சொல்லு. அப்புறம் பேசலாம்."

சொன்னான். கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்.

வெல்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். மேடைச் சேவல் வேண்டுமென்றால் மேடைப் பெட்டையோடு சேர்க்கவே கூடாது. பார்க்கச் சகிக்காத, கோடு கலைந்து கருத்த பெட்டைதான் மகனுக்கு மார்புக் கருப்பைக் கொடுக்கும். சேவலுக்கு ஒரு வம்சம், பெட்டைக்கு ஒரு வம்சம். கலந்தால் இரண்டும் கெடும்.

மச்சினன் குனிந்து கேட்டான். "அப்போ எனக்குக் குடுத்த சேவலோட அம்மா எது மாமா?"

"நீ பார்த்ததுதான் மாப்ளே. மூலையில நின்னுச்சே. கறி எப்படி இருந்துச்சு?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெட்டைக்கு மகள்கள் உண்டா என்று முனகினான்.

"ஏழு இருக்கு. உங்க அக்காவைப் பார்க்க வரும்போது எட்டிப் பாத்துக்கோ. வேலிக்கு வெளியே நின்னு."