நான் கையை ஆட்டியதும் விலகிப் போன படகு

1986 ஆகஸ்ட் மாதம். அப்போது நாங்கள் கலிபோர்னியாவில் சான் ரமோனில் இருந்தோம். என் கணவர் இன்ஜினீயர், நான் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, இன்னொரு தமிழ்க் குடும்பத்தோடு சேர்ந்து மலைகளுக்கு நடுவே இருக்கும் லேக் டாஹோ ஏரிக்குக் கிளம்பினோம். கரையோரமாக ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அரிசி, புளி, மிளகாய்த்தூள், குக்கர் எல்லாம் காரின் பின்னால் ஏறிவிட்டது. ஊட்டிக்குப் போனாலும் அமெரிக்காவுக்கு வந்தாலும் நம் பழக்கம் மாறாதே!

மீன் பிடிக்கும் யோசனை என் கணவருடையது. அவருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. மாமனார் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். இவர் கடலைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் பேச்சைக் கேட்டால் பாதி வாழ்க்கை கட்டுமரத்திலேயே கழிந்த மாதிரி இருக்கும். "கடலையே பாத்தவன் நான், இது வெறும் ஏரிதானே" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் சென்னைக்காரி. ஏரி என்றால், கோடையில் வற்றிப்போய் மாடு மேயும் இடம் என்றுதான் மனதில் பதிந்திருந்தது. இந்த ஏரியிலோ எதிர்க்கரை மலைகள் மங்கலாகத்தான் தெரிந்தன. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் 'ஏரி' என்ற அந்தச் சொல் எங்களைப் பயப்பட விடவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும், நாலு வயது மகளைத் தூக்கத்திலேயே விட்டுவிட்டு, தோழியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். படகு வாடகைக்கு விடுகிற ஆள் எங்களுக்கு ஒரு சின்ன அலுமினியப் படகைக் கொடுத்தார். ட்ரோலிங் என்றால் என்னவென்றும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஓரிடத்தில் நிறுத்தித் தூண்டில் போடுவது இல்லை. படகை ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டே போக வேண்டும். பின்னால் நீளமாக விட்ட நூலின் நுனியில் கட்டிய உலோகத் தகடு பளபளவென்று நீந்தி வரும். அதைக் குட்டி மீன் என்று நினைத்து ட்ரௌட், சால்மன் மீன்கள் கவ்வும். நூலுக்குள்ளே ஈயக் கம்பி இருப்பதால் அது ஆழத்துக்கு இறங்கும். படகு நின்றாலோ சட்டென்று திரும்பினாலோ நூல் கீழே போய் மோட்டாரில் சுற்றிக்கொள்ளும். அதனால் எப்போதும் அகலமாகத் திரும்புங்கள் என்றார். மதியத்துக்கு மேல் காற்று எழும்பும், அதற்குள் கரைக்கு வந்துவிடுங்கள் என்றும், லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். எல்லாவற்றுக்கும் நன்றாகத் தலையாட்டினோம். லைஃப் ஜாக்கெட்டைப் பலகை மேல் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டோம். குஷன் மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

காலையில் தண்ணீர் அசையவே இல்லை. freeway-யில் முன்னால் போகிற கார் ஒன்றைக்கூட விட்டுவைக்காத மனுஷன், நடை வேகத்தில் படகை ஓட்ட முடியாமல் தவித்தார். மூன்று மணி நேரம் ஒன்றும் மாட்டவில்லை. நான் கிண்டல் செய்துகொண்டே இருந்தேன். திடீரென்று என் கையில் இருந்த கம்பு வளைந்து நடுங்கியது. நூலைச் சுற்றிச் சுற்றி இழுத்தால், வெள்ளியாக மின்னிக்கொண்டு ஒரு மீன். கடலுக்கே போகாமல் ஏரியிலேயே வாழ்கிற சால்மனாம். அடுத்த அரை மணியில் இன்னொன்று, அதுவும் எனக்குத்தான். தூத்துக்குடிக்காரரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

அதற்குப் பிறகு மணி பார்க்கிற பழக்கமே அவருக்குப் போய்விட்டது. "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று சொல்லிச் சொல்லியே பன்னிரண்டரை ஆகிவிட்டது. காற்று லேசாக முகத்தில் பட ஆரம்பித்தது. அப்போதுதான் அவர் கம்பும் ஒரு தடவை ஆடியது, உடனே நின்றுவிட்டது. மீன் நழுவிவிட்டது. freeway-யில் இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டவர் மாதிரி பதறிப்போய், அதே இடத்துக்குத் திரும்ப ஒரே வெட்டாகப் படகைத் திருப்பினார்.

மோட்டார் 'க்ரக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது.

மோட்டாரைத் தூக்கிப் பார்த்தால், என் தூண்டிலின் ஈய நூல் விசிறியைச் சுற்றிக் கம்பி கட்டினாற்போல இறுகிக் கிடந்தது. எங்களிடம் இருந்த ஒரே ஆயுதம் என் சாவிக்கொத்தில் தொங்கிய நெயில் கட்டர். அவர் குப்புறப் படுத்துக்கொண்டு அதை வைத்து நூலைக் கடித்துக் கடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் நெயில் கட்டரும் தண்ணீருக்குள் போனது. துடுப்புப் போட்டோம். நாங்கள் நாலடி முன்னால் தள்ளினால் காற்று ஆறடி பின்னால் தள்ளியது. கரையிலிருந்து விலகி நடு ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். படகு குறுக்காகத் திரும்பிக்கொண்டு, அலை பக்கவாட்டில் அறைந்து உள்ளே தெறித்தது. கணுக்கால் வரை தண்ணீர் வந்ததும் நான் ஐஸ் பாக்ஸின் மூடியால் அள்ளி அள்ளிக் கொட்டினேன். எனக்கு நீச்சல் தெரியாது. மகள் எழுந்து என்னைத் தேடியிருப்பாளே, அவளிடம் சொல்லாமல் வந்துவிட்டேனே என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

அப்போது ஒரு வெள்ளைப் படகு தெரிந்தது. இரண்டு பக்கமும் கம்புகள் நீட்டிக்கொண்டு, நூல்கள் பின்னால் சாய்ந்து, எங்களைப் போலவே ட்ரோலிங் செய்துகொண்டு மெதுவாக வந்தது. தொப்பி போட்ட ஒரு பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். என் கணவர் துடுப்பை விட முடியாததால் நான்தான் எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி வா வா என்று ஆட்டினேன். தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்க்காற்று, குரல் போய்ச் சேரவில்லை. ஆனால் அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு, பதிலுக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, படகை எங்களைவிட்டு அகலமாகத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. என் வாயில் என்னவெல்லாம் வந்தது என்பதை இங்கே எழுத முடியாது. "பாத்துட்டே போறா பாருங்க. நம்ம கலரைப் பாத்துட்டுத்தான் போறா. நாம வெள்ளைக்காரங்களா இருந்தா விட்டுட்டுப் போயிருப்பாளா?" என்று அழுதேன். இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருஷத்தில் கடையிலும் ஆபீஸிலும் பட்ட சின்னச் சின்ன அவமானங்கள் எல்லாம் அந்த ஒரு முதுகின் மேல் போய் விழுந்தன. என் கணவர் துடுப்பை விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார்.

சில நிமிஷங்கள் போயிருக்கும். வெள்ளைப் படகு வேகம் குறைந்தது. அதன் மூக்கு எங்கள் பக்கம் திரும்பியது. அவள் எழுந்து பின்பக்கம் போனாள். அங்கே ஒரு கம்பு வில்லாக வளைந்து துடித்துக்கொண்டிருந்தது. அதில் மீன் மாட்டியிருக்கிறது என்று இரண்டு மீன் பிடித்த எனக்கே தெரிந்தது. அவள் கத்தியை எடுத்து அந்த நூலை வெட்டினாள். அடுத்த நூலையும் வெட்டினாள். நூலைச் சுற்றி எடுக்கக்கூட நிற்காமல், முழு வேகத்தில் எங்களை நோக்கி வந்தாள்.

இனிமேல் அவரை 'அவள்' என்று எழுத எனக்கு மனசு வராது.

வந்ததும் முதல் காரியமாக, நாங்கள் உட்கார்ந்திருந்த லைஃப் ஜாக்கெட்டைக் காட்டிப் போடச் சொன்னார். போட்டு வார் இழுக்கும் வரை கயிற்றையே எடுக்கவில்லை. அந்த அலையில் தன் படகை எங்கள் மேல் இடிக்காமல், கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்திக் காட்டினாரே, அந்த நிதானம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கயிற்றை வீசினார். என் கணவர் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி ஒரு முடிச்சுப் போட்டார். அதைப் பார்த்து அந்தப் பெண் சிரிக்கவில்லை. எப்படிக் கட்ட வேண்டும் என்று பொறுமையாகக் கையால் செய்து காட்டி, மறுபடி கட்டச் சொன்னார். கரை வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் பத்து நொடிக்கு ஒரு தரம் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கரையில் வாடகைப் படகுக்காரர் எங்களைப் பிடித்து விளாசினார். அந்தப் பெண்தான் குறுக்கே வந்து, இன்றைக்குக் காற்று சீக்கிரமே எழும்பிவிட்டது என்று சொல்லி எங்களைக் காப்பாற்றினார். கிட்டத்தில் பார்க்கும்போது என்னைவிட மூன்று நாலு வயதுதான் மூத்தவராக இருப்பார். ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்ததும், மனசு கேட்காமல், முதலில் ஏன் எங்களை விட்டுவிட்டுப் போனீர்கள் என்று கேட்டேன்.

அவர் விழித்தார். நீதானே போகச் சொன்னாய் என்றார். எப்படி என்று செய்தும் காட்டினார். கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, விரல்களை மடக்கி மடக்கி ஆட்டினார். அச்சு அசல் என் கை!

நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நம் ஊரில் அதுதானே 'வா'? பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டில், பிறந்ததிலிருந்து அப்படித்தானே கூப்பிடுகிறோம்? அவர்களுக்கு உள்ளங்கை மேலே பார்த்தால்தான் 'வா'வாம். கவிழ்த்து ஆட்டினால் 'தள்ளிப் போ'. ட்ரோலிங் செய்கிறவர்கள் நீளமாக நூல் விட்டிருப்பார்கள், கிட்டே வராதே என்று ஒருவருக்கொருவர் அப்படிக் கை காட்டுவது வழக்கமாம். நாங்களும் அதைத்தான் சொல்கிறோம் என்று நினைத்து, மரியாதையாகக் கை தூக்கிவிட்டு, சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். நான் போகச் சொன்னேன், அவர் போனார். அவ்வளவுதான் நடந்தது.

அப்புறம் ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டோம். கொஞ்ச தூரம் போனபின் மனசுக்குச் சரியாகப் படாமல் திரும்பிப் பார்த்தாராம். என் கணவரின் தூண்டில் இன்னும் தண்ணீரில் கிடந்திருக்கிறது. ஓடுகிற படகு என்றால் நூல் பின்னால் சாய்ந்து போக வேண்டும். எங்கள் நூலோ எங்கள் படகுக்கு அடியிலேயே போயிருந்தது. மீன் பிடிக்கிற யாருடைய நூலும் அப்படிப் போகாது என்றார். அத்தனை தூரத்திலிருந்து, அந்த அலையில், முடி மாதிரி ஒரு நூலைப் பார்த்திருக்கிறார். என் இரண்டு கையும் தொண்டையும் சொல்ல முடியாததை அந்த நூலிலிருந்து படித்திருக்கிறார். எத்தனை வருஷம் தண்ணீரைப் பார்த்த கண்ணாக இருக்க வேண்டும் அது! கூடவே, பிடித்த மீனை விட்டுவிட்டு வருகிற மனசும் வேண்டுமே.

மகள் மரவீட்டில் காத்திருப்பதைச் சொல்லிவிட்டு, என் இரண்டு மீனையும் அவரிடம் நீட்டினேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றது உன் மகளுக்கு என்றார். நடு ஏரியில் அவரைப் பற்றி நான் பேசியதை மட்டும் சொல்லவில்லை. சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அது இன்றுவரை உறுத்துகிறது.

நாங்கள் காரில் ஏறும்போது அவர் கையைத் தூக்கினார். உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை மடக்கி மடக்கி, நான் செய்தது போலவே ஆட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு. அவர் பாஷையில் அது 'போ', நம் பாஷையில் 'வா'. இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொண்டு, "போயிட்டு வர்றோங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருக்கிறார்கள், அதில் சிலர் வேண்டுமென்றேகூடப் போயிருக்கலாம். ஆனால் ஒரு முதுகைப் பார்த்துத் திட்ட வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், முதலில் என் கை எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.