இரண்டு விரல் நீளம்

அந்த மானைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் பக்கத்து வீட்டு ரவி அண்ணையும் நானும் கூட்டாக ஒரு கொம்பவுண்ட் வில் வாங்கினோம். கப்பிகள் வைத்த வேட்டை வில். மூக்குக்கண்ணாடி மாதிரி அதையும் ஒரு நேரத்தில் ஒருவருடைய கைக்குத்தான் அளவு வைக்கலாம் என்றார் கடைக்காரர்.

"காரையே மாறி மாறி ஓடுறம், இது என்ன பெரிய விசயம்?" என்றார் ரவி அண்ணை. அவருடைய நீண்ட கைக்கே அளவு வைத்தோம். நாணை இழுக்கும் தூரம் எனக்கு இரண்டு விரல் நீளம் கூடுதலாக இருந்தது.

ஜெர்மனியில் வில்வேட்டைக்குத் தடை. அதனால் 2006 இலையுதிர்காலத்தில் அனுமதி எடுத்து ஹங்கேரிக்குப் போனோம். இருபது மீற்றரில் ஒரு மான் நின்றது. நாணை முழுதாக இழுத்ததும் என் உடம்பு பின்னால் சாய்ந்தது. நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு வயிற்றை ஊடுருவிப் போனது. மான் முதுகை வளைத்தபடி மரங்களுக்குள் மறைந்தது.

மோப்ப நாயோடு வந்த வழிகாட்டி, பட்டதா என்று சைகையில் கேட்டார். பக்கத்தில் ரவி அண்ணை. வெட்கத்தில், இல்லை என்று தலையாட்டினேன். ஆமென்றிருந்தால் நாயை அவிழ்த்திருப்பார். மானின் வேதனையாவது சீக்கிரம் முடிந்திருக்கும். நானோ அம்பைத் தேடியெடுத்து, அதில் அப்பியிருந்த குடல் கழிவை இலைகளில் துடைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ரவி அண்ணை அந்த அம்பை முகர்ந்தார்.

"என்னடாப்பா, இப்பிடி நாறுது?"

"சேத்துக்குள்ள விழுந்தது, அண்ணை."

"ஓம்" என்று தலையாட்டினார். அதன்பிறகு அவர் வில்லைக் கேட்கவேயில்லை.

அது என்னிடம்தான் இருக்கிறது, அவருடைய கை அளவிலேயே. என் அளவுக்கு மாற்றிவைக்க எனக்குத் துணிவு வரவில்லை.