எங்கேஜ்டாக இருந்த போன்

அப்போது திருச்சியில் ஒரு டயல்-அப் இன்டர்நெட் கம்பெனியில் வேலை. ஒருவர் நெட்டில் இருந்தால் அவர் வீட்டுப் போன் எங்கேஜ்டாகவே இருக்கும். யாரையும் ஆபீசிலிருந்தே துண்டிக்கலாம்.

ஒரு மதியம் புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் அழைத்தார்.

“தம்பி ஸ்ரீரங்கத்துல நெட்ல இருக்கான் சார். அப்பாவுக்கு மூச்சு வாங்குது, அவனைத்தான் கேக்குறாங்க. கட் பண்ணுங்க.”

நம்பர் வாங்கித் துண்டித்தேன். மோடம் தானாக மறுபடி இணைந்தது. திரும்பத் துண்டித்தேன். திரும்ப வந்தது. தம்பியின் கணக்கையே முடக்கிவிட்டு அவர் வீட்டுக்குப் போன் செய்தேன்.

“என்னய்யா சர்வீஸ் நடத்துறீங்க?”

“அப்பாவுக்கு ரொம்ப முடியலைங்க. புத்தூருக்குக் கிளம்புங்க.”

ரிசீவரை வைக்காமலே ஓடினார். வண்டி கிளம்பும் சத்தம் எனக்குக் கேட்டது.

சாயங்காலம் அந்தப் பெண் பேசினார். “வந்துட்டான் சார். அப்பா அவனைப் பாத்துட்டாங்க. ரொம்ப நன்றி சார்.” அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

லைனைத் துண்டித்ததற்கு அதுவரை திட்டு மட்டும்தான் வாங்கியிருந்தேன்.