துரியோதனனுக்கு ஒரு சொம்பு கூழ்

கேழ்வரகுக் கூழின் புளித்த வாசனை இன்று ஒரு தள்ளுவண்டியிலிருந்து வந்ததும் என் கிழட்டுக் கால்கள் துள்ளின. கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர்ப் பாரதத் திருவிழாவின் கடைசிக் காலையில், கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவர் சலங்கை குலுங்க ஆடிக்கொண்டே ஓடுவார், பீமனும் மேளமும் ஊரும் துரத்தும், அவர் களத்தில் விழும்வரை யாரும் சாப்பிடக்கூடாது. எனக்கு எட்டு வயதான வருடம் அவர் எங்கள் வீட்டுக்குள் புகுந்து, "மயக்கமா வருது, கூழு இருந்தா குடு பாப்பா" என்றார். பயமும் குதூகலமுமாக ஒரு சொம்பு நிறையக் கொடுத்தேன். குடித்து, ஒட்டுமீசையைத் துடைத்துக்கொண்டு பாய்ந்தவர், உச்சி வெயில்வரை சுழன்று சுழன்று ஆடினார். இப்போது தொழிற்சாலை நிற்கும் அந்தக் களத்தில் பீமன் கெஞ்சியது எழுபது வருடம் கழித்தும் கேட்கிறது:

"யோவ், உழுந்து தொலைய்யா, ஊரே பசியில கீது!"