பத்து மணிக்கு உங்கப்பாவ கூட்டிட்டு வா

தங்கச் சுரங்கத்து ஆளுங்க குடியிருக்கற ஸ்கெலட்டன் லைன்ல, எங்க எதிர்வீட்டு குணசுந்தரி அத்தை அஞ்சாங்கிளாஸோட நின்னுட்டாங்க. ஏன்னு போன வாரம்தான் சொன்னாங்க. கேட்டதுலேருந்து எனக்கு மனசே ஆறல.

அறுபத்தி நாலாம் வருஷம், அத்தைக்குப் பத்து வயசு. அப்பா முனிரத்தினத்துக்கு சுரங்கத்துல வேலை. ஒரே ரூம் வீடு. நைட் ஷிப்ட் வாரம், அவர் காலைல வந்து படுத்துட்டா வீட்ல யாரும் வாயத் தொறக்கக் கூடாது. ஷிப்ட் ஆள எழுப்பறது லைன்ல பெரிய பாவம். தூக்கமில்லாம கீழ எறங்கினா உயிரே போயிடுமே! அதனால அத்தைக்குப் பேச்சே குசுகுசுதான்.

ஜெயசீலி டீச்சரும் லைன்ல பொறந்தவங்க, அவங்களுக்குப் புரியும். மேஜைகிட்ட கூப்ட்டு காத நீட்டுவாங்க. "ம், சொல்லுடி கண்ணு." முழுப் பாடத்தையும் அந்தக் காதுலயே சொல்லிட்டு அத்தை மொத மார்க் வாங்கிடுவாங்க. தானும் டீச்சராவணும்னு அவ்ளோ ஆசை.

டீச்சர் வீட்டுக்காரருக்கு வேற ஊர்ல வேலை கெடைச்சி, அவங்க போயிட்டாங்க. வந்தவரு மாணிக்கராஜ் சார், திருநெல்வேலிப் பக்கம்.

"ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? கடைசி பெஞ்சுக்குப் போ. அங்கேருந்து எனக்குக் கேக்கணும்."

கிளாஸே சிரிச்சிது. "ஊமச்சி"ன்னு பேரும் வெச்சாங்க.

அத்தை சும்மா இல்லீங்க! சயனைடு போட்டுத் தங்கத்தப் பிரிச்ச மண்ணக் கொட்டிக் கொட்டி மலையாட்டம் நிக்குமே சயனைடு மேடு, சாயங்காலம் அதுமேல ஏறி பாடத்தக் கத்தினாங்க. கீழ சிநேகிதி ராணி. "இன்னாடி, கொசு கத்துதா? கேக்கல!" மூணு நாள்ல சத்தம் வந்துடுச்சி.

மறுநாள் கிளாஸ்ல எழுந்து, மேட்டு மேல கத்தின அதே கத்து. புள்ளைங்க உருண்டு உருண்டு சிரிச்சிதுங்க. சாருக்கு மொகம் செவந்துடுச்சி. "என்னையவே நக்கல் பண்ணுதியா? நாளைக்குப் பத்து மணிக்கு உங்கப்பாவ கூட்டிட்டு வா. இல்லன்னா உள்ள வராத."

பத்து மணிக்கு அப்பா தூங்கினு இருந்தாரு. அத்தை அவர் கால்மாட்டுல குந்திகினு பாத்துகினே இருந்தாங்க. ராணி ஜன்னல்ல வந்து, "எழுப்புடி!"ன்னா. எப்படிங்க எழுப்புவாங்க? அம்மாவும், "வாரம் முடியட்டும், பொறு"ன்னுட்டாங்க. அடுத்த வாரம் காலை ஷிப்ட், பத்து மணிக்கு அவர் பூமிக்குள்ள. அதுக்கடுத்து மத்தியான ஷிப்ட் வந்தப்பதான் அப்பாவும் அத்தையும் போனாங்க.

"ரெண்டு வாரமா வரலன்னு பேரை அடிச்சாச்சே," சார் கொஞ்சம் யோசிச்சாரு. "சரி, இந்தப் பக்கத்த சத்தமா படிக்கட்டும். சேத்துக்கிடுதேன்."

அத்தை பொஸ்தகத்த வாங்கினாங்க. பக்கத்துலயே அப்பா. பொறந்ததுலேருந்து அவர் முன்னால கொரல ஒசத்தினதே இல்ல. ஒதடு மட்டும் ஆடிச்சி.

"படிம்மா," அப்பா கெஞ்சினாரு. "சத்தமா படிம்மா."

வரல.

ஸ்கூல் கேட்டத் தாண்டினப்புறம் அப்பா நின்னுட்டாரு. "நான் வெளிய நின்னிருந்தா படிச்சிருப்பியா?"

அத்தை ஆமான்னு தலையாட்டினாங்க.

அவர் ஸ்கூலத் திரும்பிப் பாத்தாரு. மறுபடி போய்க் கேக்க அவருக்குத் தைரியம் வரல. வீட்டுக்குப் போய் ஷிப்ட்டுக்கும் கெளம்பணும்.